பதிவேட்டில் உள்ள எல்லோரும் நம் மாணவர்கள்

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பள்ளி வளர்ச்சியில் முன்னாள் மாணவர்கள்' என்ற தலைப்பில் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் தொடங்கிய பிறகு, முன்னாள் மாணவர்களைப் பள்ளியோடு இணைப்பது பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். நிதி திரட்டுவது, வங்கிக் கணக்கு, ஒப்புதல் நடைமுறை எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, முன்னாள் மாணவர் என்றால் யார் என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்பதற்கு மிக எளிய கேள்விதான். எனக்கு அதன் பதில் இந்த ஆகஸ்ட் மாதம் ஆசிரியராக இல்லாமல் மாணவியாக உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் முழுதாகப் புரிந்தது.

நான் படித்தது சாத்தூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. 1990இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, 1995இல் பத்தாம் வகுப்பு முடித்தோம். அப்போது எங்கள் மாவட்டத்துக்குக் காமராசர் மாவட்டம் என்று பெயர். 30 ஆண்டு ஆகிவிட்டதே, ஒருமுறை கூடினால் என்ன என்று எங்கள் 'செட்' வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எழுந்தது. குழுவில் 21 பேர் இருந்தோம். மண்டபம் பார்க்கலாமா, பள்ளியிலேயே வைக்கலாமா, ஆண்களுக்கு ஒரே நிறச் சட்டை, பெண்களுக்கு ஒரே மாதிரிச் சேலை எடுக்கலாமா, ஆளுக்கு 1,500 ரூபாய் போடலாமா என்று பேச்சு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது எங்கள் குழுவில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் இப்போது கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். "நம்ம கிளாஸ்ல மொத்தம் எத்தனை பேரு?" என்றார். ஒருவர் நாற்பது என்றார், ஒருவர் ஐம்பது என்றார். யாருக்கும் தெரியவில்லை.

பள்ளியின் தற்போதைய தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுப் போனேன். அவர் முன்னிலையில் சேர்க்கை நீக்கப் பதிவேட்டைப் பார்த்தோம். ஓரங்கள் செல்லரித்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. 1990 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 68 பேர். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 47 பேர். முதல் முயற்சியில் தேர்ச்சி பெற்றவர்கள் 29 பேர். வாட்ஸ்அப் குழுவில் இருந்த 21 பேரும் இந்த 29 பேருக்குள் வந்தவர்கள். தேர்வில் தோற்ற 18 பேரில் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. இடையில் நின்ற 21 பேரிலும் ஒருவர்கூட இல்லை.

குழுவில் யாரும் யாரையும் வேண்டுமென்று விலக்கவில்லை. மேல்நிலைப் பள்ளிக்குச் சேர்ந்து போனவர்கள், கல்லூரிக்கு ஒரே பேருந்தில் போனவர்கள், அரசு வேலைத் தேர்வுக்கு ஒன்றாகப் படித்தவர்கள் என்று தொடர்பு தானாக வளர்ந்திருக்கிறது. தொடர்பு அற்றுப்போனவர்கள் 'நம்ம செட்' என்ற சொல்லிலிருந்தே மெல்ல மெல்ல வெளியே போய்விட்டார்கள். 68 பேர் சேர்ந்த வகுப்பு, 30 ஆண்டில் 21 பேரின் வகுப்பாகிவிட்டது.

அதன் பிறகு சட்டை, சேலைப் பேச்சை நிறுத்திவிட்டுத் தேடத் தொடங்கினோம். பையன்களைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிதாக இருந்தது. டீக்கடையில் கேட்டால் அப்பா பெயரைச் சொல்லி வீட்டைக் காட்டினார்கள். பெண்களைத் தேடுவதுதான் கடினம். கல்யாணமாகி வெளியூர் போயிருப்பார்கள். முதலெழுத்து மாறியிருக்கும். கைபேசி எண் கணவர் பெயரில் இருக்கும். கூப்பிட்டால், "நீங்க யாரு, எதுக்கு?" என்று அவர் கேட்பார். நம்மோடு படித்த பையன்கள் பேசினால் வம்பாகிவிடும் என்று, பெண்களைத் தேடும் வேலையைக் குழுவில் இருந்த 6 பெண்களும் எடுத்துக்கொண்டோம். அந்தப் பெண்களின் அம்மாக்கள்தான் எங்களுக்குப் பெரிய உதவி. தெருவில் போய், "உங்க மக எங்கூடப் படிச்சா" என்றால் போதும், உட்காரவைத்துக் காபி கொடுத்து எண்ணையும் கொடுத்துவிடுவார்கள்.

நாள் குறிப்பதிலும் அந்த அம்மாக்களிடம்தான் யோசனை கேட்டோம். எங்கள் பகுதியில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வராத பெண் பிள்ளைகள் குறைவு. எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் அந்த வாரம் தாய்வீட்டுக்கு வருவார்கள். அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கும் அன்று விடுமுறை. ஆளுக்கு இவ்வளவு என்று தொகை வைக்கும் யோசனையைக் கைவிட்டோம். கொடுக்க முடிந்தவர்கள் ஒருவரிடம் கொடுப்பது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் குழுவில் போடக் கூடாது என்று முடிவு செய்தோம். இப்படிப்பட்ட சந்திப்புக்கு ஒருவர் வராமல் போகப் பெரும்பாலும் காரணம் அந்தத் தொகைதான். ஆனால் அதைக் காரணமாக யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "அன்னைக்கு ஒரு விசேஷம் இருக்கு" என்பார்கள்.

தேடியதில் 5 பேர் இறந்துபோயிருந்தார்கள். அதில் ஒருவர் பட்டாசு ஆலை விபத்தில். 9 பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மீதி 54 பேரிடமும் பேசினோம். அந்தத் தொலைபேசி உரையாடல்களைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஒருத்தி. என்னைவிட அழகாக எழுதுவாள். வரைபடத்தில் ஆறுகளைக் குறிக்கச் சொன்னால் அவள் தாளைத்தான் ஆசிரியர் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "நீங்கெல்லாம் பாஸானவங்க சேருறது. நான் பெயிலுல்ல டீச்சர். நான் எதுக்கு?" என்றாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவள், 30 ஆண்டு கழித்து என்னை 'நீங்க' என்றும் 'டீச்சர்' என்றும் கூப்பிடுகிறாள். "என்ன புள்ள, நான் உனக்கு டீச்சரா?" என்று கேட்டேன். சிரித்தாள். ஆனால் அவள் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது.

அவள் மட்டுமல்ல, தோற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். "நான் முழுசாப் படிக்கலையே." "நான் ஏழாவதோட நின்னுட்டேன், என்னைய யாருக்கு ஞாபகமிருக்கப்போவுது?" "ஸ்கூல்ல இருந்து கூப்பிடுறீங்களா, எதுவும் தப்பா?" பள்ளியிலிருந்து அழைப்பு என்றால் தப்பு ஏதோ நடந்திருக்கிறது என்று நாற்பத்தைந்து வயதிலும் ஒருவருக்குத் தோன்றுகிறது.

எங்கள் காலத்தில் பத்தாம் வகுப்பு முடிவு எப்படி வரும் என்பது இங்கே என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மாலைச் செய்தித்தாளில் தேர்ச்சி பெற்றவர்களின் பதிவெண்களை மட்டும் பொடி எழுத்தில் அச்சிடுவார்கள். பேருந்து நிலையத்தில் தாள் வந்ததும் பெரியவர் ஒருவர் விரலை வைத்துத் தேடுவார். எண் இருந்தால் தேர்ச்சி. எண் இல்லாவிட்டால், இல்லை என்பதுதான் செய்தி. எத்தனை மதிப்பெண்ணில் போனது, எந்தப் பாடத்தில் போனது, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல ஆள் இருக்காது. பள்ளி கோடை விடுமுறையில் பூட்டியிருக்கும். ஆசிரியர்கள் சொந்த ஊர்களுக்குப் போயிருப்பார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாள்காட்டியே அப்படித்தான் அமைந்திருந்தது.

என் தோழிக்கு எண் வரவில்லை. கணக்கில் 31 மதிப்பெண். அது அவளுக்கு மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். "பேப்பர்ல நம்பர் வரலைன்னதும் அன்னைக்கு ராத்திரி வீட்ல யாரும் திட்டக்கூட இல்ல. மறுநா காலைல தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிச்சான். ஏறிட்டேன்" என்றாள். 4 மதிப்பெண்ணுக்காக ஒரு பெண் பள்ளியிலிருந்து வெளியேறிய கதை இவ்வளவுதான். நடுவில் ஒரு நாள்கூட இல்லை.

சந்திப்பு நாளுக்கு வருகிறேன். 41 பேர் வந்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 23 பேர், மற்றவர்கள் 18 பேர். என் தோழியும் வந்தாள், மருமகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. எங்களுக்குக் கற்பித்தவர்களில் 5 பேர் வந்திருந்தார்கள். அறிமுகத்தின்போது யாரும் தங்கள் வேலையைச் சொல்லக் கூடாது, பெயர், எந்த பெஞ்சு, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தோம். வேலையைச் சொல்லத் தொடங்கினால் இரண்டாவது ஆளிலேயே கூடம் இரண்டாகப் பிரிந்துவிடும். பெஞ்சைச் சொன்னதால் எல்லோருக்கும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. கடைசி பெஞ்சுக்காரர்களுக்குத்தான் அதிகம் இருந்தது.

பிறகு எங்கள் கணக்கு ஆசிரியர் வருகைப் பதிவு எடுத்தார். அவருக்கு இப்போது 78 வயது. 1990ஆம் ஆண்டுச் சேர்க்கையின்படி 68 பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு பெயராக வாசித்தார். வந்தவர்கள் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றார்கள். வராதவர்களின் பெயருக்கு, அவர்களோடு பேசியவர் எழுந்து, எந்த ஊரில் இருக்கிறார், ஏன் வர முடியவில்லை என்று சொன்னார். இறந்தவர்களின் பெயர் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் மூன்றே மாதம் படித்துவிட்டு நின்றுபோன ஒருவர் தன் பெயர் வாசிக்கப்பட்டதும் நம்ப முடியாமல், "என் பேரு இருக்கா சார்?" என்று கேட்டார். ஐயா தாளை அவரிடம் திருப்பிக் காட்டினார்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். மேடையில் கிடைக்காத செய்தி அங்குதான் கிடைத்தது. ஆசிரியர்களான நமக்குப் பயன்படும் என்று நான் நினைக்கும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஏழாம் வகுப்பில் நின்றவர் ஒருவர் சொன்னது. அவர் இப்போது லாரி ஓட்டுகிறார். "எனக்கு வாசிக்க வராதுன்னு அஞ்சாப்புலயே எனக்குத் தெரியும். ஆறாப்புல வாசிக்கச் சொல்லுவாங்கன்னு பயந்து பயந்து பின்னாடி போயி உக்காந்தேன். கொஞ்ச நாள்ல யாரும் வாசிக்கச் சொல்லல. அதுக்கப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?" என்றார். அவர் வறுமையால் நின்றதாகத்தான் இத்தனை நாள் நாங்கள் நினைத்திருந்தோம். பதிவேட்டிலும் 'தொடர்ந்து வராமை' என்று இருக்கிறது. உண்மையான காரணம் தொடக்கப் பள்ளியில் தொடங்கியிருக்கிறது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது நம்மில் பலர் பயிற்சி நாள்களையும் மதிப்பீட்டுப் பதிவுகளையும் பற்றித்தான் பேசினோம். இங்கே இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் நீங்கள் ஒரு குழந்தையை வாசிக்க வைத்தால், ஏழாம் வகுப்பில் ஓர் இடைநிற்றலைத் தடுக்கிறீர்கள். அது உங்கள் கணக்கில் எழுதப்படாது. ஆனால் நடக்கும்.

இரண்டாவது, பட்டப்பெயர். எங்கள் வகுப்பில் ஒருவருக்கு ஓர் ஆசிரியர் விளையாட்டாக ஒரு பெயர் வைத்தார். அறிவைக் குறைத்துச் சொல்லும் பெயர். வகுப்பே அப்படித்தான் கூப்பிடும். சந்திப்புக்கு அவர் கல்லூரியில் படிக்கும் தன் மகனை அழைத்து வந்திருந்தார். யாரோ ஒருவர் பழைய பாசத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் திரும்பினார். ஆனால் அடுத்த கணம் மகனின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பையன், "அது யாருப்பா?" என்று கேட்டான். வைத்த ஆசிரியருக்கு அது அன்றே மறந்திருக்கும். ஊரில் அது 30 ஆண்டு இருந்திருக்கிறது. குழந்தைகளை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு பயிற்சி தேவைப்படவில்லை.

மூன்றாவது, ஒரு கொத்தனார். பத்தாம் வகுப்பில் தோற்றவர். பள்ளியில் இப்போது நபார்டு நிதியில் கட்டிய வகுப்பறைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. சந்திப்பே அதன் கூடத்தில்தான் நடந்தது. பேச்சுவாக்கில், "இந்தக் கட்டடத்துக்குப் பூச்சு வேலை நான்தான் பார்த்தேன். மூணு மாசம் இங்கதான் கெடந்தேன்" என்றார். அப்போது பள்ளியில் இருந்த ஆசிரியர்களிடம், இங்கே படித்தவன் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். "அத என்னன்னு சொல்ல?" என்றார். மூன்று மாதம் தினமும் காலையில் இறைவணக்கக் கூட்டத்தைச் சாரத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்தப் பள்ளிச் சுவரில் அவர் கை பட்டிருக்கிறது.

நண்பர்களே, இந்த மூவரும் நம் முன்னாள் மாணவர்கள் இல்லையா?

நாம் இருக்கும் இந்த மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்குத் தயக்கமே இருக்கக் கூடாது. பெருந்தலைவர் காமராசர் விருதுநகர் சத்திரிய வித்யாசாலாவில் படித்தார். தந்தையை இழந்து, குடும்பச் சூழலால் படிப்பைத் தொடர முடியாமல், சிறு வயதிலேயே மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். இன்றைய நம் சொல்லில் அவர் ஓர் இடைநின்ற மாணவர். முதலமைச்சரான பிறகு கிராமந்தோறும் பள்ளி திறந்ததும், மதிய உணவு கொடுத்ததும் பள்ளியை முடித்தவர் ஒருவர் அல்ல, முடிக்க முடியாமல் போனவர் ஒருவர். அவர் பிறந்த ஜூலை 15ஆம் நாளைக் கல்வி வளர்ச்சி நாளாக நாம் கொண்டாடுகிறோம். பள்ளியை முடித்தவர்கள்தான் பள்ளிக்குச் சொந்தம் என்று நாம் நினைத்தால், அந்த நாளில் நாம் யாரைக் கொண்டாடுகிறோம்?

இப்போது செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். பெரிய செலவோ புதிய உத்தரவோ தேவைப்படாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

முன்னாள் மாணவர் பட்டியலைச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். தேர்ச்சிப் பட்டியலிலிருந்தும் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் தொடங்க வேண்டாம். ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு சேர்ந்தவர்களில் இரண்டு மூன்று பேரை, குறிப்பாக உள்ளூரிலேயே இருக்கும் பெண்களை அழைத்து, மற்றவர்களைத் தேடும் பொறுப்பைக் கொடுங்கள். பதிவேட்டின் பக்கங்களைப் படமெடுத்துக் குழுவில் போட விடாதீர்கள். அதில் சாதி, முகவரி எல்லாம் இருக்கும். பெயர்களை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள், போதும்.

இடைநின்றவர்களும் தோற்றவர்களும் பள்ளிக்கு வந்தால், அவர்களுக்குப் பள்ளியில் ஆக வேண்டிய வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் மாற்றுச் சான்றிதழ் வாங்கவே வராதவர்கள் சிலர் இருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு நலவாரியப் பதிவுக்கு வயதுச் சான்று இல்லை. ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருந்தது. திருத்துவதற்கு ஆவணம் இல்லை என்று பல ஆண்டுகளாக அலைந்திருக்கிறார். அவருடைய பிறந்த தேதி 1990ஆம் ஆண்டிலிருந்தே பள்ளி அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கிறது. அங்கு போய்க் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தலைமையாசிரியர் பதிவேட்டைப் பார்த்து உரிய முறையில் சான்று வழங்கினார். அந்த அலமாரி அவருக்கும் சொந்தம் என்று சொல்ல ஒரு சந்திப்பு தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்தது, தேர்வு முடிவு வாரம். இதுதான் நான் சொல்ல வந்தவற்றில் மிக முக்கியமானது. 1995இல் இருந்த சில தடைகள் இன்று இல்லை. முடிவு கைபேசிக்கே வருகிறது. தோற்றவர்கள் நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை, அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். மாநில அளவில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இலேயே விட்டுவிட்டோம். 2016இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களையும் அபாயகரமான தொழில்களில் அமர்த்தக் கூடாது. ஆனால் ஒன்று மாறவில்லை. முடிவு இன்றும் மே மாதத்தில், பள்ளி விடுமுறையில் இருக்கும்போதுதான் வருகிறது. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாள்கள் சில. அந்தச் சில நாள்களில் அன்று தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்ததுபோல, இன்று ஜவுளிக்கடையோ செல்போன் கடையோ வந்து கூப்பிட்டுக்கொண்டு போய்விடுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் மாப்பிள்ளை வீடு வருகிறது.

எங்கள் பள்ளியில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஏப்ரலில் தேர்வு முடிந்த அன்றே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர்களுக்குள் பிரித்துக்கொள்கிறோம். ஓர் ஆசிரியருக்கு ஐந்து அல்லது ஆறு பேர். முடிவு வரும் நாளில் நாங்கள் எந்த ஊரில் இருந்தாலும், தேர்ச்சி பெறாத பிள்ளைக்குத்தான் முதல் அழைப்பு. பிள்ளையிடம் மட்டுமல்ல, வீட்டில் முடிவெடுக்கும் பெரியவரிடமும் பேசுகிறோம். பேசுவது இரண்டே விஷயம். ஒன்று, எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் குறைந்தது. இரண்டு, துணைத் தேர்வுக்கு எந்தத் தேதிக்குள் எங்கே வந்து விண்ணப்பிக்க வேண்டும். அறிவுரை எதுவும் சொல்வதில்லை. உள்ளூரில் இருக்கும் ஆசிரியர் மறுநாள் வீட்டுக்குப் போகிறார். அந்த அழைப்பின்போது, "ஸ்கூல்ல இருந்து பேசுறீங்களா டீச்சர், நான் பெயிலு" என்று அழுத பிள்ளையிடம், "நீ எங்க புள்ளைதான், ஒரு பாடம் மிச்சமிருக்கு" என்று சொல்ல முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மேற்படிப்பில் சேராதவர்களை 'நான் முதல்வன்' திட்டத்தின் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் தேடிப் போகின்றன. அந்தத் தேடல் பத்தாம் வகுப்பில், நம் கைபேசியிலிருந்தே தொடங்கலாம்.

இன்னும் இரண்டு சிறிய விஷயங்கள். குழுப் புகைப்படத்தைப் பத்தாம் வகுப்பின் கடைசியில் மட்டும் எடுக்காதீர்கள். ஆறாம் வகுப்பிலும் எடுங்கள். பின்னால் இருப்பவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வையுங்கள். எங்கள் செட்டில் இடைநின்ற 21 பேரின் முகம் எந்தப் படத்திலும் இல்லை. இரண்டாவது, 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுகட்டமைப்புச் செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறோம். அந்த இடத்துக்கு ஆளைத் தேடும்போது வெளிநாட்டில் இருப்பவரை மட்டும் நினைக்காதீர்கள். தினமும் பள்ளி வழியாக வேலைக்குப் போகும் கொத்தனாரையும் நினையுங்கள். கழிப்பறைக் குழாய் உடைந்தால் அன்றே வந்து நிற்கக்கூடியவர் அவர்தான். சில மாணவர்கள் பணம் தருவார்கள். சிலர் நேரம் தருவார்கள். சிலரிடம் நாம் எதுவும் கேட்கக் கூடாது, அவர்களுக்குத்தான் நாம் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்று வகையினருக்கும் ஒரே பாய் விரியுங்கள்.

என் தோழியைப் பற்றிச் சொன்னேன். அவள் பேத்தி இப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற்றுக் கல்லூரி முடித்திருக்கிறாள். அதை அவள் பெருமையாகச் சொன்னாள். அவளும் இப்போது துணைத் தேர்வு போல ஏதாவது எழுதலாமா என்று என்னிடம் விசாரித்திருக்கிறாள். தனித்தேர்வராக எழுதும் வழியைச் சொல்லியிருக்கிறேன். எழுதுவாளா என்பது அவள் விருப்பம். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அவள் எங்கள் செட்தான்.

தேர்ச்சி விழுக்காடு ஒவ்வோர் ஆண்டும் நம்மிடம் கேட்கப்படும். கேட்கப்பட வேண்டியதுதான். அதற்காக நாம் உழைப்பதும் நியாயம்தான். அந்த விழுக்காட்டில் வராத பெயர்களுக்கும் நாம்தான் ஆசிரியர்கள். வரும் ஜூலை 15க்குள் உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றைத் திறந்து, ஓர் ஆண்டின் பெயர்களை முதல் எண் முதல் கடைசி எண் வரை வாசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் எத்தனை பேரை உங்கள் ஊரில் இன்றும் பார்க்க முடியும் என்று எண்ணுங்கள். அவர்களில் ஒருவரையாவது கல்வி வளர்ச்சி நாள் விழாவுக்கு, முன்வரிசைக்கு அழையுங்கள்.